மக்5ஏசியா, மக்5பியா? சுண்டெலி, சின்சில்லா நடுக்காதில் மியூசின் மரபணு அளவீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைகளுக்கு வரும் நீர்கோத்த நடுக்காது அழற்சியில் செவிப்பறையைக் கீறி உறிஞ்சினால் பல நேரம் தண்ணீர் வருவதில்லை. உறிஞ்சுகுழாயின் முனையில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுபடும் பிசின்தான் வரும். காது மருத்துவர்கள் இதை க்ளூ இயர் என்கிறார்கள். அந்த இழுவையைத் தருவது மியூசின் என்னும் சர்க்கரை போர்த்திய பெரும்புரதம்.

கூழ் கட்டும் மியூசின்களுக்கு மனிதனில் ஐந்து மரபணுக்கள் உண்டு: மக்2, மக்5ஏசி, மக்5பி, மக்6, மக்19. முதல் நான்கும் 11-ஆம் குரோமோசோமின் ஒரே மூலையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. சுண்டெலியில் அந்த வரிசை 7-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நடுக்காது ஆய்வில் சண்டை முக்கியமாக மக்5ஏசிக்கும் மக்5பிக்கும் இடையேதான்.

2010-இல் டியேகோ பிரெசியாடோ குழு குழந்தைகளின் நாட்பட்ட நடுக்காது நீரை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (புரதங்களை நிறையால் இனங்காணும் முறை) பார்த்தது. மேலோங்கி இருந்தது மக்5பி. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டில் செல் வளர்ப்புத் தட்டுகளிலிருந்து வந்த கட்டுரைகளில் பல மக்5ஏசி எப்படித் தூண்டப்படுகிறது என்பதைப் பற்றியவை. வகைப்படாத ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்னும் பாக்டீரியா (இனி என்.டி.ஹெச்.ஐ.) கிருமியை உணரும் ஏற்பியான டி.எல்.ஆர்.2 வழியாகப் பி38 சமிக்ஞைப் பாதையை முடுக்கி மக்5ஏசியின் செயல்பாட்டை ஏற்றுகிறது, நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் நிமோலைசின் நச்சு டி.எல்.ஆர்.4 வழியாக அதையே செய்கிறது என்று படங்கள் தெளிவாக வரையப்பட்டன. விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஜோசப் கெர்ஷ்னர் குழு சின்சில்லா என்னும் தென்னமெரிக்கக் கொறிவிலங்கின் நடுக்காது எபிதீலியச் (மேற்படல) செல்களை வளர்த்து, அழற்சித் தூதுப் புரதங்களான டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1-பீட்டா, 6, 8 ஆகியவற்றைக் கொடுத்து மியூசின் மரபணுக்கள் ஏறுவதைக் காட்டியது.

2014-இல் நேச்சர் இதழில் கிறிஸ்டோஃபர் எவன்ஸ் குழு வெளியிட்ட முடிவு விவாதத்தின் திசையையே மாற்றியது. மக்5பி நீக்கப்பட்ட சுண்டெலிகளில் சுவாசப்பாதையில் கழிவு தேங்கியது, நடுக்காதிலும் தொற்று கட்டுக்குள் நிற்கவில்லை. மக்5ஏசி நீக்கிய சுண்டெலிகளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அதாவது காதை அடைக்கும் பொருள் என்று பழி சுமந்த மியூசின்தான் காதைக் கூட்டிப் பெருக்குகிற பொருளும்.

இவ்வளவுக்குப் பிறகும் விலங்கு மாதிரிகளிலிருந்து மக்5ஏசி இத்தனை மடங்கு ஏறியது என்ற எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எண்கள் பொய்யல்ல. அவை பிறக்கும் விதத்தில்தான் சிக்கல். என்.டி.ஹெச்.ஐ. சாறு (கிருமியை உடைத்து வடித்த நீர்) கொடுத்த சுண்டெலி நடுக்காதை எடுத்துக்கொண்டு, அளவீடு எங்கெங்கே வழுக்குகிறது என்று கீழே வரிசையாகப் பார்ப்போம்.

விலங்கு

சின்சில்லாவின் நடுக்காதுக் குமிழ் பெரியது, மேற்புற எலும்பு மெல்லியது. ஊசியை அதன் வழியே நேரே இறக்கலாம், நீரை உறிஞ்சலாம், சீதச்சவ்வைக் கண்ணால் பார்த்து உரிக்கலாம். தானாக வரும் காதுத் தொற்றும் அரிது. குறை என்னவென்றால், கர்ப்பகாலம் 111 நாள். மரபணு நீக்கிய வகைகள் கிடையாது. சின்சில்லாப் புரதத்துக்கென்று செய்த ஆன்டிபாடிகள் மிகக் குறைவு. மரபணுத்தொகுதி 2012-இல் வெளிவருவதற்கு முன் பிரைமர்கள் (பி.சி.ஆர். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) மனித, சுண்டெலி வரிசைகளைப் பார்த்து அமைக்கப்பட்டவை. அந்தக் காலத்து மக்5ஏசி எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடும் முன் பிரைமர் எங்கே ஒட்டுகிறது என்று இப்போதைய தொகுதியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

சுண்டெலியில் மரபியல் கருவிகள் எல்லாம் உண்டு, திசுதான் போதாது. கூடவே இன்னொரு தொல்லை: சில வகைகளுக்குத் தானாகவே நடுக்காது அழற்சி வரும். டி.எல்.ஆர்.4 பழுதான சி3ஹெச்/ஹெச்இஜே இதற்குப் பேர்போனது. வயதாக ஆக நிலைமை மோசமாகும். எந்த வகையானாலும் ஊசி போடும் முன் ஒவ்வொரு செவிப்பறையையும் நுண்ணோக்கியில் பார்த்து, மங்கலாகவோ பின்னால் நீர்மட்டத்தோடோ இருந்தால் அந்த விலங்கை விலக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கட்டுப்பாட்டுக் குழுவில் ஒரே ஒரு காது மக்5பியை ஏற்றிவைத்து மொத்த ஒப்பீட்டையும் கெடுத்துவிடும்.

ஊசி போடுதல்

கீட்டமின் கிலோவுக்கு 100 மி.கி., சைலசின் 10 மி.கி. வயிற்றறைக்குள். செவிப்பறை வழியே 30 கேஜ் ஊசியில் 5 மைக்ரோலிட்டர். அதற்குமேல் கொடுத்தால் யூஸ்டேசியன் குழல் வழியே தொண்டைக்கு இறங்கும். காதில் எவ்வளவு நின்றது என்று யாருக்கும் தெரியாது. மெதுவாக, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் திரவம் ஊசிப் பக்கவாட்டில் பீறிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக்கரைசல்) மட்டும் பெற்ற காது கட்டாயம் வேண்டும். ஊசி குத்துவதே வீக்கத்தை உண்டாக்கும், அதுவே மியூசினைக் கொஞ்சம் அசைக்கும். எதிர்க்காதைக் கட்டுப்பாடாக வைப்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் தொண்டை வழியாகவும் இரத்தம் வழியாகவும் இரண்டு காதுக்கும் தொடர்பு இருக்கிறது. ஊசி படாத விலங்கு, பி.பி.எஸ். விலங்கு, சாறு பெற்ற விலங்கு என மூன்று குழு வைப்பதே பாதுகாப்பு.

சாறு தயாரிப்பு: என்.டி.ஹெச்.ஐ.-க்கு ஹீமினும் என்.ஏ.டி.யும் இல்லாமல் வளர்ச்சி இல்லை. சாக்லேட் அகாரில் 37 டிகிரி, 5% கரியமில வாயுவில் எடுத்து, ஹீமினும் என்.ஏ.டி.யும் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் வீதம் சேர்த்த மூளை-இதய ஊட்டக்குழம்புக்கு மாற்றி, வளர்ச்சி வேகமாக இருக்கும் கட்டத்திலேயே நிறுத்த வேண்டும். பி.பி.எஸ்.-இல் கழுவி, பனிக்கட்டி மேல் வைத்து சோனிகேட் செய்து (ஒலியலையால் உடைத்து), 10,000 ஜி-யில் சுழற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டுப் புரதம் அளந்து, சிறு பங்குகளாக மைனஸ் 80-இல். சாற்றின் பலம் தொகுதிக்குத் தொகுதி மாறும். புரத அளவு ஒன்றாக இருந்தாலும் லிப்போஒலிகோசாக்கரைடு (கிருமிச் சுவரின் எண்டோடாக்சின்) ஒன்றாக இருக்காது. ஆய்வு முழுவதையும் ஒரே தொகுதியில் முடிக்க வேண்டும். முடியாதென்றால் புதுத் தொகுதியின் எண்டோடாக்சினை அளந்து, பழையதோடு ஒரே தட்டில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும்.

எங்கிருந்து உரிக்கிறோம்

நடுக்காது எபிதீலியம் ஒரே மாதிரியானதல்ல என்பது பழைய செய்தி. 2013-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஹன்னா தாம்சனும் அபிகேல் டக்கரும் சுண்டெலியில் காட்டியது அதன் காரணம்: யூஸ்டேசியன் குழல் வாயை ஒட்டிய பகுதி எண்டோடெர்மிலிருந்து (கருவின் உள்ளடுக்கு) வருகிறது, அங்கே குற்றிழைகள் (சளியைத் தள்ளும் நுண்ணிழைகள்) உண்டு, மேற்பகுதி நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருகிறது, அங்கே குற்றிழைகள் இல்லை. மியூசின் சுரக்கும் செல்களும் குழல் வாய்ப் பக்கமே அடர்த்தி.

ஆக, குழல் வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ உரித்தால் மக்5பி அளவு பல மடங்கு மாறும். மருந்தோ கிருமியோ செய்யும் மாற்றத்தைவிட இது பெரிதாக இருக்கலாம். கட்டுரைகளில் 'நடுக்காதுச் சவ்வு எடுக்கப்பட்டது' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியைப் படித்ததும் எண்களின் மேல் நம்பிக்கை பாதி குறைந்துவிடுகிறது.

உரிக்கும் முறை: தலையை நீள்வாட்டில் பிளந்து, கீழ்த்தாடையை நீக்கினால் காதுத்துளைக்குப் பின்னே உருண்டையான மெல்லிய எலும்புக் குமிழ் தெரியும். வெளிக்காதுக் குழாயை ஒட்ட வெட்டி, செவிப்பறையை முழுவதும் நீக்கிவிட வேண்டும். செவிப்பறையின் வெளிப்பக்கம் தோல்தான். அது கலந்தால் கெரட்டின்10-உம் லோரிக்ரினும் தலைகாட்டும். சுண்டெலியின் நடுக்காதுக்குள் ஸ்டேபீடியல் தமனி வாழ்நாள் முழுக்க ஓடுகிறது. சாமணம் அதைக் கிழித்தால் குமிழ் நொடியில் சிவந்துவிடும், மாதிரி இரத்தச் செல் ஆர்.என்.ஏ.வாகிவிடும். இதயம் வழியே குளிர்ந்த பி.பி.எஸ். ஓட்டிவிட்டு உரித்தால் இந்தத் தொல்லை இல்லை. பிறகு குழல் வாய்ப் பாதி, குமிழின் மேற்பாதி என இரண்டாகப் பிரித்துத் தனித்தனிக் குழாய்களில், ஆர்.என்.ஏ. பிரிக்கும் டிரைசால் கரைசல் 500 மைக்ரோலிட்டரில்.

ஒரு காதிலிருந்து கிடைக்கும் ஆர்.என்.ஏ. சொற்பம். பல விலங்குகளின் சவ்வைச் சேர்த்து ஒரு மாதிரியாக்குவது வழக்கம்தான். ஆனால் ஆறு விலங்கைச் சேர்த்த ஒரு குழாய் புள்ளியியலில் ஒன்று, ஆறு அல்ல.

செல்களைத் தட்டில் வளர்த்தால்

மினசோட்டாவில் ஜிஜென் லின் குழு உருவாக்கிய, வெப்பத்துக்கு உணர்வுள்ள எஸ்.வி.40 வைரஸ் மரபணு ஏற்றிய சுண்டெலி நடுக்காதுச் செல்வரிசை பரவலாகப் பயன்படுகிறது. 33 டிகிரியில் பெருகும். சூட்டை ஏற்றினால் பெருக்கம் நின்று முதிர்ச்சி தொடங்கும். 33-இல் வைத்தே சாறு கொடுத்துவிட்டு மியூசின் அசையவில்லை என்று எழுதுவது கருவியின் தவறல்ல.

விலங்கிலிருந்து நேரே எடுத்த முதன்மைச் செல்களே நம்பகமானவை. குமிழைப் புரோனேஸில் இரவு முழுதும் 4 டிகிரியில் வைத்து, உதிர்ந்த செல்களைச் சாதாரணப் பிளாஸ்டிக் தட்டில் ஓரிரு மணிநேரம் விட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் முதலில் ஒட்டிக்கொள்ளும். மிதப்பதை எடுத்துக் கொலாஜன் பூசிய டிரான்ஸ்வெல் (நுண்துளை) சவ்வில் ஏற்றலாம். ரோ-கைனேஸ் தடுப்பான் ஒய்-27632 சேர்த்தால் செல்கள் பிழைக்கும் வீதம் கூடும். பரப்பு மூடியதும் மேல் திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றுப் படும்படி 14 நாள். அபூர்வா முலே குழு 2016-இல் விவரித்த முறை இந்த அடிப்படையில்தான், முதிர்ச்சிக்கு பி.பி.ஐ.எஃப்.ஏ.1 என்னும் சுரப்புப் புரதம் நல்ல அடையாளம்.

ஊடகத்தில் மூன்று பொருள்களைக் கவனிக்காமல் விட்டால் முழு உழைப்பும் வீண். ரெட்டினாயிக் அமிலம் இல்லையென்றால் எபிதீலியம் தோல் போலத் தடித்து மியூசின் மரபணுக்கள் அடங்கிவிடும். இது ஒளியில் கெடும், ஆகவே மங்கிய வெளிச்சத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டும். இ.ஜி.எஃப். (எபிதீலிய வளர்ச்சிக் காரணி) கூடுதலாக இருந்தால் மக்5ஏசி தானாகவே ஏறி நிற்கும்; மேற்கொண்டு ஏற இடமிருக்காது. மூன்றாவது ஹைட்ரோகார்ட்டிசோன். கடையில் வாங்கும் எபிதீலிய ஊடகங்களில் இது ஏற்கெனவே கலந்திருக்கும். இந்த ஸ்டீராய்டு என்.டி.ஹெச்.ஐ.-யின் தூண்டலை அமுக்கிவிடும். சாறு கொடுப்பதற்கு 24 மணிநேரம் முன்பே இ.ஜி.எஃப்.-உம் ஹைட்ரோகார்ட்டிசோனும் இல்லாத ஊடகத்துக்கு மாற்றிவிட்டு, மி.லி.க்கு 10 முதல் 100 மைக்ரோகிராம் வரை படிப்படியாகக் கொடுத்துப் பார்க்கலாம். 6, 24, 48 மணிநேரம், 7-ஆம் நாள் என நான்கு புள்ளிகளாவது வேண்டும்.

நீண்ட ஆர்.என்.ஏ., திரும்பத் திரும்ப வரும் வரிசை

மனித மக்5பி தூது ஆர்.என்.ஏ. சுமார் 17,000 எழுத்து நீளம். அதன் நடுவிலுள்ள ஒரே எக்ஸான் (புரதக் குறிப்புள்ள துண்டு) மட்டும் 10,713 எழுத்து, இடையில் இன்ட்ரான் (வெட்டியெறியப்படும் துண்டு) கிடையாது, பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் வரிசை. அங்கே பிரைமர் வைத்தால் பல இடங்களில் ஒட்டும், கலந்துவிட்ட டி.என்.ஏ.வும் அதே அளவில் பெருகி உண்மைபோல் நிற்கும். பிரைமர் முனைப் பகுதிகளில், இரண்டு எக்ஸானுக்குக் குறுக்கே, 80 முதல் 150 எழுத்துக்குள் விளையும்படி இருக்க வேண்டும். முனைகளிலும் கவனம் தேவை: மக்5ஏசியும் மக்5பியும் உறவுக்காரர்கள், டி-பகுதிகள் எனப்படும் முனைத் துண்டுகள் ஒத்திருக்கும். உருகுவளைவு (விளைபொருள் எந்த வெப்பத்தில் பிரிகிறது என்ற வரைபடம்) ஒற்றைச் சிகரம் காட்டினால் மட்டும் போதாது. விளைபொருளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்; மரபணு நீக்கிய சுண்டெலியின் திசு கிடைத்தால் அதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

ஆலிகோ-டி.டி. என்னும் பிரைமர் கொண்டு வாலிலிருந்து தொடங்கும் தலைகீழ்ப் படியெடுப்பு (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்தல்) இவ்வளவு நீளத்தைத் தாண்டித் தலைமுனையை எட்டாது. ஆர்.என்.ஏ. கொஞ்சம் சிதைந்திருந்தாலும் போச்சு. பிரைமர் தலைப்பக்கம் இருந்து மாதிரிக்கு மாதிரி சிதைவு வேறுபட்டால், பார்ப்பது மியூசின் அளவல்ல, ஆர்.என்.ஏ.வின் தரம். சீரற்ற ஆறெழுத்துப் பிரைமர்களோடு படியெடுப்பது, ஆர்.ஐ.என். (1 முதல் 10 வரையான ஆர்.என்.ஏ. தர மதிப்பெண்) 7-க்குக் கீழுள்ளதை ஒதுக்குவது, டி.என்.ஏஸ் போடுவது, படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு கிணறு வைப்பது, நியம வளைவின் சரிவு மைனஸ் 3.32-க்கு (சுற்றுக்கு இரட்டிப்பு, அதாவது 100% திறன்) அருகில் நிற்கிறதா என்று பார்ப்பது: இவற்றில் பல பி.சி.ஆர். அளவீட்டுக்கான 2009-இன் எம்.ஐ.க்யூ.ஈ. நெறிகளிலேயே பேசப்படுபவை.

மடங்குக் கணக்கு ஏமாற்றும் விதம்

விளக்கத்துக்காக வைத்த எண்கள் இவை. கட்டுப்பாட்டுக் காதில் மக்5ஏசியின் சி.டி. (பி.சி.ஆர்.-இல் சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுற்று எண்; குறைந்தால் ஆர்.என்.ஏ. அதிகம்) 36, சாறு பெற்ற காதில் 31. மக்5பி 25-லிருந்து 24. ஒப்பீட்டு மரபணு அசையவில்லை, திறன் இரண்டுக்கும் 100% என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையில் வரும் பட்டை வரைபடம் மக்5ஏசி 32 மடங்கு, மக்5பி 2 மடங்கு என்று காட்டும். தலைப்பு தானாகவே மக்5ஏசிக்குப் போய்விடும்.

இப்போது பிரதிகளை எண்ணுவோம். சி.டி. 36-ஐ 10 பிரதி என்று எடுத்தால் மக்5ஏசி 10-லிருந்து 320 ஆனது. கூடியது 310. மக்5பி 20,480-லிருந்து 40,960. கூடியது 20,480. காதுக்குள் புதிதாக வந்த மியூசின் ஆர்.என்.ஏ.வில் மக்5பியின் பங்கு 98%-க்கு மேல். சுண்டெலிச் சுவாசப்பாதையில் மக்5பி எப்போதும் சுரப்பது, மக்5ஏசி தூண்டினால் எழுவது. பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து எழும் எதற்கும் மடங்கு பெரிதாகத்தான் இருக்கும். அதிலும் 36-ஆம் சுற்றில் ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் ஒன்றரைச் சுற்று தள்ளாடுவது சாதாரணம். 32 மடங்கு என்பது 11-ஆகவும் இருக்கலாம், 90-ஆகவும் இருக்கலாம். டிஜிட்டல் பி.சி.ஆர். (பிரதிகளை நேரடியாக எண்ணும் முறை) அல்லது அளவு தெரிந்த செயற்கை டி.என்.ஏ. துண்டோடு நியம வளைவு போட்டுப் பிரதி எண்ணிக்கையாகவே எழுதிவிட்டால் இந்தத் தகராறே இல்லை. செய்பவர்கள் குறைவு.

வெள்ளணுக்களும் ஜி.ஏ.பி.டி.ஹெச்.-உம்

தொற்றுள்ள காதில் ஓரிரு நாளில் நியூட்ரோஃபில்கள் வந்து குவிகின்றன. அவை மியூசின் செய்வதில்லை, வழக்கமான ஒப்பீட்டு மரபணுவான ஜி.ஏ.பி.டி.ஹெச்.-ஐச் செய்கின்றன. மொத்த ஆர்.என்.ஏ. நான்கு மடங்கானது, எபிதீலியம் அப்படியே இருக்கிறது, மக்5பி உண்மையில் இரட்டிப்பானது என்று வைப்போம். வழக்கம்போல இரு குழுவிலும் 100 நானோகிராம் போடுகிறோம். கட்டுப்பாட்டுக் காதின் சி.டி.: ஜி.ஏ.பி.டி.ஹெச். 18, எபிதீலியச் செல்லின் அடையாளமான எப்காம் 24, மக்5பி 25. தொற்றுக் காது: ஜி.ஏ.பி.டி.ஹெச். 18, எப்காம் 26, மக்5பி 26. ஜி.ஏ.பி.டி.ஹெச்.-ஐ வைத்துக் கணக்கிட்டால் மக்5பி பாதியாகக் குறைந்தது. எப்காமை வைத்தால் இரண்டு மடங்கு கூடியது. ஒரே தட்டு, ஒரே கிணறுகள், எதிரெதிர் முடிவு.

ஜி.ஏ.பி.டி.ஹெச்.-இன் மேல் இன்னொரு புகாரும் உண்டு. அழற்சி கண்ட நடுக்காதில் ஆக்சிஜன் குறைகிறது. தானாக நாட்பட்ட அழற்சி வரும் ஜெஃப், ஜன்போ சுண்டெலி வகைகளில் இது நேரடியாகவே காட்டப்பட்டிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் ஹெச்.ஐ.எஃப்.-1 என்னும் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் எழுந்து ஜி.ஏ.பி.டி.ஹெச்.-ஐ ஏற்றும். மக்5ஏசியின் புரமோட்டரிலும் அதற்கு இடம் உண்டு. அளவுகோலும் அளக்கப்படுவதும் ஒரே கயிற்றில் ஆடினால் என்ன அளப்பது?

எப்காமை மட்டும் நம்புவதும் சரியல்ல, அழற்சியில் அதுவும் நகரலாம். எப்காம், சி.டி.ஹெச்.1, கெரட்டின்8 என்னும் எபிதீலிய மரபணுக்கள் மூன்றின் பெருக்குச் சராசரியே ஒப்பீட்டுக்கு வேண்டும். கூடவே வெள்ளணுவுக்குப் பி.டி.பி.ஆர்.சி., எலும்புக்கு கால்1ஏ1, தோலுக்கு லோரிக்ரின் என ஒவ்வொரு மாதிரியின் கலப்பையும் அட்டவணையாகக் காட்ட வேண்டும். ஒரு எபிதீலியச் செல்லுக்கு எவ்வளவு மக்5பி, ஒரு காதுக்கு எவ்வளவு மக்5பி என்பவை வேறு வேறு கேள்விகள். ஏழாம் நாளில் சவ்வே தடித்து, செல்கள் பெருகி நிற்கும்; செல்லுக்குச் செல் மாற்றமில்லாமலே காதில் மியூசின் பல மடங்காகலாம். இரண்டையும் தர வேண்டும்.

ஆர்.என்.ஏ.விலிருந்து சளிக்கு

மியூசின் குருணைகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும், ஏ.டி.பி. என்னும் சமிக்ஞை மூலக்கூறு பட்டால் நிமிடங்களில் வெளியே கொட்டும். அப்போது ஆர்.என்.ஏ. அசைந்திருக்காது, காது நிறைந்திருக்கும். ஆகவே புரதத்தையும் பார்க்க வேண்டும். வழக்கமான அக்ரிலமைட் ஜெல்லில் மியூசின் உள்ளே நுழையவே நுழையாது. கிணற்றின் விளிம்பில் தங்கிவிடும், மேலே எதுவும் இல்லையென்று எழுதிவிடுவார்கள். 6 மோலார் குவானிடினில் கரைத்து, டி.டி.டி. கொண்டு ஒடுக்கி, 1% அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, வெற்றிடத்தால் சவ்வுக்கு மாற்ற வேண்டும்.

திசு வெட்டில் சளிப்படலத்தைப் பார்க்க ஃபார்மலின் உதவாது, கழுவிக்கொண்டு போய்விடும். மெத்தனால் 60, குளோரோஃபார்ம் 30, அசெட்டிக் அமிலம் 10 என்ற மெத்தகார்ன் கலவையில் சளி இருந்த இடத்தில் இருக்கும். ஆர்.என்.ஏ.வை இடத்திலேயே காண வேண்டுமென்றால் பாராஃபார்மால்டிஹைடு, பிறகு எலும்பை இளக்க 10 முதல் 14% இ.டி.டி.ஏ., பி.ஹெச். 7.4, ஒன்றிரண்டு வாரம். அவசரத்துக்கு ஃபார்மிக் அமிலம் போட்டால் எலும்பு சீக்கிரம் இளகும், ஆர்.என்.ஏ.வும் கூடவே போகும்.

மருந்துச் சோதனையாக இருந்தால் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு பெற்ற ஒரு குழு வேண்டும். அடக்கினால் அடங்குகிற மாதிரிதானா என்பதை அது சொல்லும். மக்5பி குறைந்தது என்பதை மட்டும் வெற்றி என்று எழுத முடியாது. நீக்கிய சுண்டெலியில் மக்5பி பூஜ்யம்தான், அந்தக் காதில்தான் தொற்று தீரவில்லை. மருந்து கொடுத்த காதில் 7-ஆம் நாள் கழுவுநீரை சாக்லேட் அகாரில் பரப்பி உயிருள்ள கிருமி எண்ணிக்கை எடுப்பதும், குமிழில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெட்டுகளில் அளப்பதும் அதே விலங்குகளிலேயே செய்யக்கூடியவை. அதற்கு உயிருள்ள என்.டி.ஹெச்.ஐ. கொடுத்த ஒரு குழுவைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும்; சாறு பெற்ற காதில் எண்ணுவதற்குக் கிருமி இருக்காது.